பாதம் எரிந்தால் வயிற்றையும் விசாரியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் வந்த ஒரு அம்மா, பல இரவுகள் கட்டிலை விட்டு இறங்கி, பாதத்தைச் சிமென்ட் தரையில் பதித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பாராம். ஐம்பது வயதைக் கடந்தவர், தையல் வேலை. "மிளகாய் அரைச்ச கை எப்படி எரியும், அப்படி எரியுது டாக்டர்" என்றார். எலும்புத் தேய்மானம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், சர்க்கரை வந்தால் இப்படித்தான் என்று இன்னொருவர். இரண்டு வருடத்தில் வலி மாத்திரைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இசைக்கவை பார்த்திருப்பீர்கள். அதைத் தட்டி, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மணிக்கட்டில் வைத்தேன். "கிர்ருங்குது" என்றார். மறுபடி தட்டிக் கால் கட்டை விரலில் வைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா என்றேன். "செவுத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் சோப்பு போடறேன்" என்றார். கண்ணை மூடியதும் தரை எங்கே இருக்கிறது என்று பாதம்தான் மூளைக்குச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி போகிற நரம்பு பழுதாகியிருந்தது.

மஞ்சள் பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பினார். சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. யாரோ இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை, மருந்துக் கடையில் வாங்கி ஆறு வருடமாகத் தொடர்கிறார். சைவம். வாயு என்று பயந்து பாலும் தயிரும் விட்டாயிற்று. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது.

நரம்பின் மேலுறையைக் காப்பது பி12. அது இயல்பாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிறகு இரைப்பையே சுரக்கும் ஒரு புரதம் அதைக் கையோடு கூட்டிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போகிறது. அங்கேதான் உடல் அதை உறிஞ்சும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, மெட்ஃபார்மின் உறிஞ்சுவதை மட்டுப்படுத்துகிறது. ஈரலில் சில வருடங்களுக்கான கையிருப்பு இருப்பதால், குறை உடனே தெரியாது.

இந்தத் துணைப் புரதம் இருப்பதைக் கண்டவர் பாஸ்டன் மருத்துவர் வில்லியம் காசில். 1920களின் இறுதியில், தான் தின்ற மாட்டிறைச்சியை ஒரு மணி நேரம் கழித்து வாந்தியெடுத்து, பக்குவப்படுத்திக் குழாய் வழியாக, பி12 குறைவால் வரும் ரத்தசோகை நோயாளிகளுக்குக் கொடுத்தார். வெறும் இறைச்சியில் தேறாதவர்கள் இதில் தேறினார்கள். கேட்கவே குமட்டும், ஆனால் அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

வயிறும் வலியும் சந்திக்கும் இடம் இது ஒன்றுதான் என்றில்லை. கிருமியால் வயிற்றுப்போக்கு வந்து போன சிலருக்கு, ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் முழங்கால் வீங்கும். குடல் அழற்சி நோய் உள்ள இளைஞர்களில் சிலருக்கு, காலையில் எழும்போது இடுப்பும் முதுகும் விறைத்துக் கிடக்கும், நடமாடினால் தளரும். அவர்கள் முதுகுக்கு ஒரு மருத்துவரிடம் போவார்கள். மலத்தில் ரத்தம் போவதை அவரிடம் சொல்லக் கூச்சம், உடம்புச் சூடு என்று தாங்களே முடிவு கட்டியிருப்பார்கள். அந்த முதுகுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை குடல் புண்ணைக் கிளறிவிடவும் கூடும். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். எத்தனை முறை போகிறீர்கள், ரத்தமோ சளியோ கலந்திருக்கிறதா, எந்த மாத்திரையை எத்தனை வருடமாக விழுங்குகிறீர்கள் என்பதெல்லாம் வலியைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரிய வேண்டும்.

எல்லா மூட்டு வலியும் வயிற்றிலிருந்து வருவதில்லை. குடலைக் கழுவினால் மூட்டு சரியாகும் என்று பொடி விற்பவர்களை நம்பிப் பேதிக்குச் சாப்பிட வேண்டாம். இதைக் கேட்டுவிட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சத்துக்கு என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் போடுவதும் ஆபத்து. ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

அந்த அம்மாவுக்கு பி12 ஊசி தொடங்கினோம். மருந்து செக்கச்செவேல் என்றிருக்கும், முதல் நாள் பயந்துவிட்டார். கேஸ் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம், தயிர் திரும்பி வந்தது. ஏழாவது மாதம் வந்தபோது, தையல் மெஷினின் மிதிகட்டை காலுக்குக் கீழே இருப்பது இப்போது தெரிகிறது என்றார். அதுவரை குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் மிதித்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. எரிச்சல் போய்விட்டது. இடது கட்டை விரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் அதையும் மீட்டிருக்கலாமோ என்று, இசைக்கவையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

வணக்கம்.