அடியில் துளையிட்ட படகு

நேயர்களுக்கு வணக்கம். மாசிச் சம்பலை உண்டு வளர்ந்தவர்களுக்கு அதன் மணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மாசிக் கருவாட்டுக்கு மூலமான வரிச்சூரை மீனை மாலத்தீவிலும் இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காய்த் தீவிலும் பெரும்பாலும் வலையால் பிடிப்பதில்லை. கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்கிறார்கள். சூரைக் கூட்டத்தைப் படகருகே நிறுத்தி வைப்பதற்கு உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் அள்ளி வீச வேண்டும். காயலில் பிடித்த அச்சிறுமீன்களை, சூரை தென்படும் வரை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அத்தொட்டியின் அடிப்பகுதியில், அதாவது படகின் அடிப்பகுதியிலேயே, துளைகள் உண்டு. தக்கைகளை எடுத்துவிட்டால் கடல்நீர் தானாகவே உள்ளே வரும். கேட்பவர்கள் அனைவரும் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: படகு மூழ்காதா? வீட்டில் பழைய பிளாஸ்டிக் குவளை இருந்தால் அதன் அடியில் துளையிட்டு, வாளி நீரில் விளிம்பு மூழ்காதபடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஏறும் நீர், வெளியிலுள்ள நீர்மட்டத்தை எட்டியதும் நின்றுவிடும். தொட்டியிலும் அதுவே நிகழ்கிறது. தொட்டியின் சுவர்கள் நீர் கசியாதவையாக, கடல்மட்டத்திற்கு மேலே உயர்ந்து நிற்பதால், உள்ளே வந்த நீர் படகின் மற்றப் பகுதிகளுக்குப் பரவுவதில்லை; முன்னும் பின்னும் உள்ள அறைகளே படகைத் தாங்குகின்றன. தொட்டி அளவுக்கு மிதக்கும் ஆற்றல் குறைவதால் படகு சற்றுத் தாழ்ந்து மிதக்கும், அவ்வளவுதான். மீண்டும் சொல்கிறேன்: காப்பவை சுவர்கள், துளைகளைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

துளையில்லாத தொட்டியில் நீரை நிரப்பி வைத்தால் போதாதா என்றால், போதாது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் கடல்நீரிலோ ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். நெருக்கமாக அடைபட்டு மிரண்ட மீன்கள் அந்தச் சிறு இருப்பை விரைவில் தீர்த்துவிடும். அவை வெளியேற்றும் அம்மோனியாவும் அதே நீரில் சேரும். ஆகவே தொட்டிக்குத் தேவை, இடைவிடாத நீர்மாற்றம். படகு ஓடும்போதும் அலையில் ஆடும்போதும் துளைகளின் அருகே நீரழுத்தம் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் நுழைகிறது. எந்திரமில்லாத பாய்மரக் காலத்திலேயே இதை அறிந்து படகு கட்டியவர்களை நான் பொறியாளர்கள் என்றே அழைப்பேன். இந்த வியப்பிலேயே அதிக நேரத்தைச் செலவிட்டுவிட்டேன் போலும்.

நிலையப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுவதால் மீதியைச் சுருக்குகிறேன். மேல்தளத்தில் வைக்கும் தொட்டி கடல்மட்டத்திற்கு மேலே இருப்பதால் அதற்குத் துளை உதவாது. பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வழிந்தோடவும் வழி வேண்டும். செதில் எளிதில் உதிரும் சிறுமீன்களைக் கையால் பிடிக்காமல் நீரோடு மொண்டு மாற்ற வேண்டும். இறந்தவற்றை உடனுக்குடன் அகற்றிவிட வேண்டும். அவை அழுகத் தொடங்கினால், எஞ்சிய மீன்களுக்கான ஆக்சிஜன் அந்த அழுகலுக்கே செலவாகிவிடும். வணக்கம்.