பக்தபூர்: பிரித்துக் கோக்கத் தெரிந்த ஊர்

அனைவருக்கும் வணக்கம். காத்மாண்டு போகிறவர்கள் பசுபதிநாதரைக் கும்பிட்டுவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் பக்தபூரை எட்டிப் பார்ப்பார்கள். மல்ல மன்னர்களின் தலைநகரமாக இருந்தது, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் ஊர். 55 ஜன்னல் அரண்மனையையும் பொன் வாயிலையும் வழிகாட்டிகளே நன்றாகக் காட்டிவிடுவார்கள். நான் பேச வந்தது ஒரு கோயிலையும் அங்குள்ள செங்கல்லையும் பற்றித்தான்.

தௌமதி சதுக்கத்தில் நியாதபோலா கோயில் இருக்கிறது. 1702இல் பூபதீந்திர மல்லன் எழுப்பியது. ஐந்தடுக்கு மேடை, அதன் மேல் ஐந்தடுக்குக் கூரை, சுமார் 30 மீட்டர் உயரம். படிக்கட்டின் இருபுறமும் சோடி சோடியாகக் காவலர்கள். கீழ்ப்படியில் இரண்டு மல்யுத்த வீரர்கள். சாதாரண மனிதனைவிடப் பத்து மடங்கு பலசாலிகளாம். அவர்களைவிடப் பத்து மடங்கு யானை, யானையைவிடச் சிங்கம், அப்புறம் கழுகு மூக்கு வைத்த சிங்கம், உச்சியில் இரண்டு தேவியர். கணக்குப் போட்டால் அந்தத் தேவியர் ஒவ்வொருவரும் லட்சம் பேருக்குச் சமம்! உள்ளே இருக்கும் சித்திலட்சுமியின் பலத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவளைப் பூசாரிகள் தவிர யாரும் பார்க்க முடியாது.

1934இல் பெரிய நிலநடுக்கம். பக்கத்திலேயே இருந்த பைரவநாதர் கோயில் இடிந்தது, நியாதபோலா நின்றது. 2015 ஏப்ரலில் மறுபடியும். அரண்மனைச் சதுக்கத்தில் வத்சலா தேவியின் கல் சிகரக் கோயில் அடியோடு சரிந்தது. நியாதபோலாவுக்கு மேல் அடுக்கில்தான் சேதம். சித்திலட்சுமியின் சக்தி என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நான் மறுக்கவில்லை, கூடவே தச்சனுக்கும் கொத்தனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்கிறேன். அடி அகலம், மேலே போகப் போகச் சுற்றளவும் பாரமும் குறைகின்றன. சுவர்களை மரச் சட்டங்கள் கட்டிப் பிடிக்கின்றன. செங்கல்லுக்கு நடுவே மண் சாந்து. ஆட்டம் வந்தால் எல்லாமே கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

வெளிப்புறச் செங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். அதற்கு ‘தாச்சி அப்பா’ என்று பெயர். செக்கச் சிவந்து, எண்ணெய் தடவினது போல மினுங்கும். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அடுக்கும்போது முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாந்து பின்னால் ஒளிந்துகொள்ளும். மழைத்தண்ணீர் உள்ளே போக வழியில்லை. கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள் சால் மரத்தில் செதுக்கியவை. ஒன்று உளுத்துப்போனால் அதை மட்டும் கழற்றிப் புதிதாகச் செதுக்கி மாட்டலாம். எது பழசு, எது புதுசு என்று பிரித்துச் சொல்வது சிரமம். அதனால் இதைப் போலி என்பாரும் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் உடன்பாடில்லை. கழற்றி மாட்டுவதற்கென்றே கோத்த கட்டடம் இது.

2015க்குப் பிறகு காத்மாண்டுவில், பிரதாப மல்லன் வெட்டிய ராணி போக்ரி குளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கான்கிரீட்டைக் கொண்டுவந்தார்கள். மக்கள் சண்டை பிடித்து நிறுத்தினார்கள். பிறகு செங்கல்லும் களிமண்ணும் திரும்பின. குளத்தில் களிமண் வேலைக்குப் பக்தபூர்ப் பெண்களை அழைத்து வந்தார்கள். பக்தபூரிலோ பெரிய ஒப்பந்தக்காரர்களை விட்டுவிட்டு, அந்தந்தத் தெருக்காரர்களின் குழுக்களிடமே கோயில் வேலைகளைக் கொடுத்தார்கள். வத்சலா கோயில் மறுபடி எழுந்துவிட்டது.

வீடுகள் கதைதான் கவலை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது வீட்டைச் செங்குத்தாகப் பிளந்துகொள்கிறார்கள். ஓர் அறை அகலம், நாலு மாடி உயரம். அதில் பாதி இடிந்தால், ஒட்டியிருக்கும் மறுபாதிக்காரரின் சம்மதமில்லாமல் என்ன செய்வது? கான்கிரீட் தூண் எழுப்பினால் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. பழைய பாணியில் கட்டினால் நகராட்சி மானியம் தருகிறது. அது போதவில்லை என்பது ஊருக்குள் இரண்டு தெரு நடந்தாலே தெரிகிறது.