மூக்குத்தியில் நின்ற ஃபோகஸ்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பொருள் வாங்கியவனுக்கு முதல் இரவு தூக்கம் வராது. சைக்கிளோ, தையல் இயந்திரமோ, எதுவானாலும் ஏமாந்துவிட்டோமோ என்ற கேள்வி கூடவே வந்து படுத்துக்கொள்ளும். எனக்கு அது கேமராவால் வந்தது.

வாங்கியது நிக்கான் டி40. 2006-இல் வெளிவந்தது, ஆறு மெகாபிக்சல், அதாவது படத்துக்கு அறுபது லட்சம் புள்ளி. வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை மகன், "என் ஃபோனிலேயே ஐம்பது இருக்கிறதே மாமா, இது எதற்கு?" என்றான். ஒரு கணக்குச் சொல்கிறேன். காகிதம் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். இந்தக் கேமராவின் படம் அகலத்தில் 3008 புள்ளி, உயரத்தில் 2000. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நெருக்கி அச்சிட்டாலும் பத்து அங்குல அகலம் வரும். உங்கள் வீட்டுச் சுவரில் அதைவிடப் பெரிய படம் எத்தனை மாட்டியிருக்கிறீர்கள்? அந்த ஐம்பதும், பல ஃபோன்களில், நான்கு நான்கு புள்ளியாகச் சேர்ந்து வழக்கமாகப் பன்னிரண்டாகத்தான் படமாகிறது. இதை மருமகனிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். உங்களிடம் இது முதல் முறை.

ஆக, எண்ணிக்கை என்னை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. ஆசைப்பட்டுப் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கியிருந்தேன். மாட்டிப் பொத்தானை அழுத்தினால், ஃபோகஸ் பிடிக்க லென்ஸ் அசையவில்லை. கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்தேன். பிறகுதான் தெரிந்தது. அந்த வகை லென்ஸைத் திருப்பும் மோட்டார் கேமராவுக்குள் இருக்க வேண்டும். டி40-இல் அது கிடையாது. கேட்டிருந்தால் கடைக்காரரே சொல்லியிருப்பார். கேட்காதவன் நான்.

சரி, கையால் திருப்புவோம் என்று, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அத்தையின் எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் கீழே, இடது ஓரத்தில், ஒரு பச்சைப் புள்ளி. ஃபோகஸ் சரியானால் நிலையாக எரியும். மயிரிழை நகர்ந்தாலும் போய்விடும். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை முழுக்கத் திறந்து வைத்திருந்ததால், தெளிவாக விழும் ஆழம் ஒரு விரற்கடைகூட இல்லை. புள்ளி எரிவதற்குள் அத்தை உரலோடு சட்டிப் பக்கம் சாய்ந்துவிடுவார். நாற்பது படம் எடுத்தேன். ஒன்றில் மூக்குத்தியின் கற்களை எண்ணிவிடலாம். கண் இரண்டும் புகை மூட்டம். திரையைப் பார்த்த அத்தை, "என் கண் எங்கேயடா?" என்றார்.

புள்ளியைத் துரத்துவதை விட்டேன். சட்டியின் தூரத்துக்கு லென்ஸை நிறுத்திவைத்து, அத்தை அங்கே குனியும்வரை காத்திருந்தேன். அடுத்த ஈட்டில் ஏழெட்டுப் படம் தேறின. மூக்குத்திப் படத்தையும் அழிக்கவில்லை.

எதிரே இருப்பவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாங்கும்முன் பார்க்க வேண்டியவற்றை ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன். இரண்டை மட்டும் சொல்கிறேன். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெமரி கார்டு, இந்த மாதிரிக்கு, 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவு, எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு இப்போது நேரமில்லை. வணக்கம்.