சமமாக வாழ எழுதிக்கொண்ட தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

தெற்கு அட்லாண்டிக் கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்யா என்று ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது. மக்கள் குடியிருக்கும் பக்கத்துத் தீவு செயின்ட் ஹெலினா. அதுவே சுமார் 2,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமானத்தளம் கிடையாது. கேப் டவுனில் கப்பல் ஏறினால் ஒரு வாரம் ஆகும். கடல் சீறினால் இன்னும் கூடும். இந்தத் தீவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்குள்ள 250க்கும் குறைவான மக்கள் ஒருவரோடொருவர் வாழும் விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நெப்போலியனைச் செயின்ட் ஹெலினாவில் சிறைவைத்த பிரிட்டிஷ்காரர்கள், அவரை மீட்க யாரும் இந்தத் தீவைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று 1816இல் இங்கே ஒரு படையை இறக்கினார்கள். மறு ஆண்டே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரரான கார்ப்பரல் வில்லியம் கிளாஸ் மட்டும் மனைவி மரியாவோடும் குழந்தைகளோடும் இங்கேயே தங்கிவிட்டார். கூடவே இரண்டு கொத்தனார்களும் தங்கினார்கள்.

1817 நவம்பரில் அவர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். கால்நடையும் சரக்கும் எல்லோருக்கும் பொது. லாபமும் செலவும் சமம். தான் மேலானவன் என்று யாரும் நடந்துகொள்ளக் கூடாது. உடம்புக்கு முடியாதவர் தவிர எல்லோரும் தம் பங்கு வேலையைச் செய்ய வேண்டும். படையில் உத்தரவு போட்டுப் பழகிய ஒரு கார்ப்பரல் இதற்குச் சம்மதித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அப்புறம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து பெண்கள் சிலர் கப்பலேறி, இங்கிருந்த ஆண்களை மணக்க வந்தார்கள். எப்படிப்பட்ட வாழ்க்கை காத்திருக்கிறது என்று தெரியாமலே கடல் கடந்த அந்தப் பெண்களின் துணிச்சல் வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். 1836இல் கப்பல் உடைந்து ஒரு டச்சு மாலுமி கரையேறினார். 1892இல் இரண்டு இத்தாலிய மாலுமிகள். கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ராஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லாவரெல்லோ என்று நெடுங்காலம் ஊரில் ஏழே குடும்பப் பெயர்கள்தான்.

வாழ்க்கை எளிதாக இல்லை. 1885இல், அந்த வழியாகப் போன கப்பலோடு பண்டமாற்றுச் செய்யப் படகில் போன 15 ஆண்கள் திரும்பவே இல்லை. ஊரில் பல வீடுகளில் பெண்கள் விதவைகளானார்கள். சிலர் தீவை விட்டுப் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்திய படகுகளில் பக்கத்துக் குட்டித்தீவான நைட்டிங்கேலுக்குப் போய்க் கடற்பறவை முட்டை எடுத்து வருவார்கள். மற்றபடி உருளைக்கிழங்குதான் உயிர். 1946இல் தீவுக்கென்று ஒரு தபால்தலை வரைந்தபோது, ஒரு பென்னிக்கு நான்கு உருளைக்கிழங்கு என்று அதிலேயே விலை போட்டார்கள்!

1961 அக்டோபரில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. அத்தனை பேரையும் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலை, மின்சாரம், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இனி இவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். 1962இல் வாக்கெடுப்பு நடந்தது. திரும்ப வேண்டும் என்று 148 பேர், வேண்டாம் என்று 5 பேர். மறு ஆண்டு ஏறக்குறைய ஊரே கப்பலேறியது. பிழைப்புக்கு இருந்த சிங்கி இறால் ஆலையை எரிமலைக் குழம்பு விழுங்கிவிட்டது தெரிந்தும்தான் போனார்கள். பின்னால் வேறு ஆலை கட்டிக்கொண்டார்கள்.

அந்த 1817 தாளின் சாரம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நிலம் ஊருக்குப் பொது. வெளியாட்கள் வாங்க முடியாது. ஒரு குடும்பம் அளவுக்கு மீறிப் பணக்காரக் குடும்பம் ஆகிவிடாமலும் மேய்ச்சல் நிலம் பாழாகாமலும் இருக்க, வீட்டுக்கு இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

2020இல் தங்களைச் சுற்றிய சுமார் 6,87,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கில் மீன்பிடிக்கவே கூடாது. கரையோரத்துச் சிங்கி இறாலைத் தங்கள் பிழைப்புக்கென்று வைத்துக்கொண்டார்கள். அதையும் எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு வைத்தே பிடிக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.