பதினோரு லிட்டர்

நடுவர் அவர்களுக்கும் இரண்டு அணிக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூர் ஏரிக் கொசுவையும் பொறுத்துக்கொண்டு பொங்கல் விழாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தனி வணக்கம். எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்துக்கு இது போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். உருண்டை, உருளை, கூம்பு என்று கனமுள்ள பொருளை வைத்து ஒரு கணக்கு வந்தால் அதைத் தீர்ப்பது கண்ணும் கையுமா, கால்குலஸ் என்கிற நுண்கணிதமா? நான் கால்குலஸ் அணி. கொள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது, சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்தப் பக்கம் வந்தது. நல்லவேளை வந்தது. முப்பது வருடமாக மர்ஃபி டவுனில் பி.யூ., அதாவது பிளஸ் டூ, பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். அந்தப் பக்கம் நின்று பேசியிருந்தால் நாளைக்கு ஒரு பிள்ளை ஃபீஸ் கட்டாது.

எனக்கு முன்னால் பேசிய பீன்யா தொழிற்பேட்டை அண்ணன், நாற்பது வருடம் லேத்தில் நின்றவர், என்ன சொன்னார்? "கம்பியைக் கண்ணால் பார்த்தே அரை மில்லிமீட்டர் சொல்லுவேன், எனக்கு எதற்கு கால்குலஸ்?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி. அண்ணன் மைக் முன்னால் வந்தபோது அவர் சட்டைப்பையில் ஒன்று பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்ததே, என்ன அது? வெர்னியர்! மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கிற கருவி! பொங்கல் விழாவுக்குக்கூட வெர்னியரை எடுத்துக்கொண்டு வருகிற மனிதர் கண்ணை நம்பச் சொல்கிறார்.

அதோடு நிறுத்தினாரா? "கால்குலஸ் படித்த டீச்சர் வீட்டில் வடை கிடைக்காது. ஓட்டை எவ்வளவு பெரிசு என்று இன்டெக்ரேஷன் போட்டு முடிப்பதற்குள் எண்ணெய் தீய்ந்துவிடும்" என்றார். நடுவர் ஐயா சிரித்தார். பரவாயில்லை. என் வீட்டுக்காரர் சிரித்ததைத்தான் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

வடைக்கே வருகிறேன், விடுவதாக இல்லை. இந்த ஊரில் எந்த தர்ஷினியிலும், அதுதான் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டலில், காலை ஏழு மணிக்குக் கிடைக்கிற உளுந்து வடை. அதற்கு எதற்கு ஓட்டை? விரலை நுழைத்துச் சாம்பாரில் முக்கவா? வெளிவட்டம் ஆறரை சென்டிமீட்டர், ஓட்டை ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் டியூப் மாதிரி ஒரு வளையம். அதன் கன அளவு ஏறக்குறைய 62 கன சென்டிமீட்டர். இதற்கு முழு இன்டெக்ரேஷன்கூட வேண்டாம். வடையை ஓர் இடத்தில் வெட்டினால் தெரிகிற வட்டத்தின் பரப்பை, அந்த வட்டத்தின் மையம் சுற்றி வருகிற தூரத்தால் பெருக்கினால் போதும். அலெக்சாந்திரியாவில் இருந்த கணித அறிஞர் பாப்பஸ் சொல்லி ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் உளுந்து வடை சாப்பிட்டிருக்க வழியில்லை.

இப்போது அதே மாவை ஓட்டை இல்லாமல் உருட்டிப் போண்டாவாகப் போடுங்கள். எண்ணெயிலிருந்து நடுப்பகுதி எவ்வளவு தூரம்? வடையில் ஒன்றேகால் சென்டிமீட்டர், போண்டாவில் கிட்டத்தட்ட இரண்டரை. இருமடங்கு தூரம். அப்படியானால் வேக இருமடங்கு நேரமா? அங்கேதான் கண்ணும் கையும் ஏமாறுகிறது. சூடு உள்ளே இறங்குகிற நேரம் தூரத்தின் வர்க்கமாகப் போகும், ஆகவே ஒரே வடிவமாக இருந்தால் நாலு மடங்கு நேரம். போண்டா உருண்டை, எல்லாப் பக்கமும் சூடு வாங்கும், அதனால் கொஞ்சம் குறையும், ஆனாலும் இருமடங்குக்கு மேல்தான். வெளியே கருகி உள்ளே மாவாக ஒரு போண்டா அண்ணன் தட்டில் வந்து விழுந்தால் அது என் கால்குலஸ் செய்த குற்றமில்லை. அதனால் அண்ணி வீட்டில் வடைக்கு ஓட்டை போடுகிறாரே, அவர் பேர் சொல்லாமல் கால்குலஸ் போடுகிறார் அண்ணே.

(இதை வைத்துப் பார்த்தால் கைக்குத்தான் எல்லாம் தெரிகிறது என்று அவர்கள் அணி திருப்பிக் கேட்கலாம். அவர்கள் நேரம் முடிந்துவிட்டது.)

சின்னதாக ஒரு பந்தயம். சாய்வான பலகை, மேலே ஒரு கோலிக்குண்டு, ஒரு வளையல். ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் கீழே வரும்? பின்வரிசையில் வளையல் என்கிறார்கள். கோலி என்று ஒரு குழந்தை கத்துகிறது. குழந்தை ஜெயித்தது! வழுக்கி இறங்கினால் கிடைக்கிற முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்கு கோலிக்கு, வளையலுக்குப் பாதிதான். எடை முழுக்க விளிம்பில் இருப்பதால் சுற்றுவதற்கே அதன் சக்தி போய்விடுகிறது. அடுத்து, தங்க வளையலையும் கவரிங் வளையலையும் விட்டால்? இரண்டும் சேர்ந்தே வரும். பலகை அடகுக்கடை இல்லை, எடை போட்டுப் பார்க்காது.

சரி, இப்போது என் கதை. 1982, ஸ்ரீராமபுரம். எங்கள் அப்பா ஒரு சீமெண்ணெய்க் கடையில் வேலைக்கு இருந்தார். 200 லிட்டர் டிரம், மரச்சட்டத்தின் மேல் படுக்கப் போட்டிருக்கும். ஒரு முனையில் குழாய், முதுகில் மூடி. தினமும் ராத்திரி கடை அடைக்கும்போது முதலாளி மூடியைத் திறந்து ஒரு குச்சியை நேராக இறக்குவார். நனைந்த இடம் எதுவரை என்று பார்ப்பார். குச்சியில் சம இடைவெளியில் கோடு: கால், அரை, முக்கால். கால் கோட்டில் நின்றால் 50 லிட்டர் என்று நோட்டில் எழுதுவார். கண்ணும் கையும்! அண்ணன் அணியின் ஆதி குரு.

ஒருநாள் ராத்திரி குச்சி சரியாகக் கால் கோட்டில் நின்றது. நோட்டில் 50. மறுநாள் அப்பா மட்டும் கடையில். வந்தவர்களுக்கு எல்லாம் ஊற்றி, கடைசியில் டிரம்மைச் சாய்த்து வடித்தும் ஊற்றி, காசை எண்ணினால் 39 லிட்டருக்குத்தான் இருந்தது. பதினோரு லிட்டர் காணோம்.

அப்பா சொன்னார், "அடியில வட்டம் ஒடுங்குது முதலாளி."

முதலாளி சொன்னார், "டிரம் ஒடுங்கல. உன் கை நீளுது."

சம்பளத்தில் பிடித்தார். அடுத்த மாதம் வேலையும் போனது.

கொஞ்சம் இருங்கள், இதே கதையைக் குச்சியின் பக்கம் நின்று ஒருமுறை சொல்கிறேன். குச்சிக்குத் தெரிந்தது உயரம் மட்டும். படுத்திருக்கிற டிரம்மை அடியிலிருந்து தாள் தாளாகச் சீவிப் பாருங்கள். அடித்தாள் ஒரு ரிப்பன் அகலம். மேலே போகப் போக அகலம் கூடும். நடுவில் டிரம்மின் முழு விட்டம், கிட்டத்தட்ட இரண்டு அடி. அதற்கு மேல் மறுபடி ஒடுங்கும். ஒவ்வொரு தாளின் பரப்பையும் கூட்டினால் முதல் கால் உயரத்தில் இருப்பது நூற்றுக்கு பத்தொன்பதரை பங்கு. இருபத்தைந்து இல்லை. 200 லிட்டரில் 39. அடுத்த கால் உயரத்தில் 61. அதற்கு மேல் இன்னொரு 61. உச்சியில் மறுபடி 39. குச்சி உயரத்தைச் சரியாகத்தான் சொன்னது. அதை லிட்டர் என்று படித்தது மனிதர்.

கை தட்டுகிறீர்கள், அதனால் மூன்றாவது தடவையும் சொல்லுவேன். இந்தத் தடவை அந்த டிரம்மின் நான்கு நாள். டியூஷன் டீச்சர் புத்தி, நாளுக்கு ஒரு கோடு என்று ரவுண்டாகச் சொல்கிறேன். முதல் நாள், டிரம் நிறைய இருந்தபோது, கல்லாவில் முதலாளியே உட்கார்ந்திருந்தார். 50 போக வேண்டிய இடத்தில் 39-க்குத்தான் காசு. அவர் நோட்டில் என்ன எழுதினார் தெரியுமா? "ஆவி." ஆவியாகிப் போச்சாம்! இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கடையில் இன்னொரு பையன். 50, 50 எதிர்பார்த்தார், 61, 61 வந்தது. 22 லிட்டர் காசு கூட வந்தது. கேட்டாரா? கேட்கவில்லை. "பையன் யோக்கியன்" என்று தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். நாலாம் நாள் எங்கப்பா. திருடன்.

ஒரே டிரம், ஒரே வட்டம். முதலாளி உட்கார்ந்தால் ஆவி, எங்கப்பா நின்றால் திருட்டு!

இப்படிக் குச்சியை விட்டு அளக்கிற வேலையைப் பார்த்துக் கோபப்பட்ட இன்னொருவர் கெப்ளர். ஆமாம், கிரகங்கள் ஓடுகிற பாதையைச் சொன்ன அதே கெப்ளர்தான். 1613-இல் ஆஸ்திரியாவில் லின்ஸ் ஊரில் இருந்தபோது அவருக்கு இரண்டாவது கல்யாணம். ஒயின் பீப்பாய் வாங்குகிறார். வியாபாரி வந்து பீப்பாயின் ஓட்டை வழியே கம்பியை அடி மூலைக்குச் சாய்வாக இறக்கி, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொல்கிறான். குட்டைப் பீப்பாய்க்கும் அதே கம்பி, நெட்டைப் பீப்பாய்க்கும் அதே கம்பி. மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. நம்ம ஊர் மாப்பிள்ளையாக இருந்தால் மாமனாரிடம் சொல்லி முறைத்துக்கொண்டிருப்பார். இவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார், 1615-இல் பீப்பாய்களுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். மெல்லிய துண்டு துண்டாக வெட்டிக் கூட்டுகிற வித்தை அதில் இருந்தது. நியூட்டன் அப்போது பிறக்கவே இல்லை. அந்த ஊர்ப் பீப்பாய்களின் வடிவத்துக்கு வியாபாரியின் கம்பி பெரிதாகத் தப்புச் சொல்லவில்லை என்றும் கெப்ளர் கண்டார். அண்ணன் இதைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஸ்ரீராமபுரத்துக்குக் கெப்ளர் வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த 39 என்கிற எண் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் "முப்பத்தொன்பதுக்குப் பொறந்தவளே" என்பார். ரேஷன் கடையில் யாராவது அளவு குறைத்துப் போட்டால் அப்பா வாயைத் திறக்கமாட்டார், திரும்பி வந்துவிடுவார். திருடன் என்று ஒருமுறை பேர் வாங்கியவன் மற்றவனைக் கேட்கக் கூடாதாம். அதன் பிறகு கட்டட வேலைக்குப் போனார். எண்ணெய்க்கடை வேலை எத்தனையோ வந்தும் போகவே இல்லை.

1989. இரண்டாம் பி.யூ. கால்குலஸ் வகுப்பில் ஒரு கணக்கு. படுத்திருக்கிற உருளைத் தொட்டியில் கால் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் மொத்தத்தில் அது எத்தனை பங்கு? எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். புள்ளி ஒன்று ஒன்பது ஐந்து ஐந்து. ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, ஓரத்தில் 200-ஆல் பெருக்கிப் பார்த்தேன்.

39.1.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் "ஏண்டி அழறே, தப்பாப் போச்சா?" என்று கேட்டாள்.

நடுவர் ஐயா, இது வாதமே இல்லை என்று எதிரணி சொல்லும். ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அந்த நோட்டோடு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சிமெண்ட் கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகக் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இன்டெக்ரேஷன் குறியில் விரலை வைத்தார். சிமெண்ட் அதில் ஒட்டியது.

"இது என்னம்மா, பாம்பு மாதிரி?"

"கூட்டறதுப்பா. மெல்லிசு மெல்லிசா வெட்டி, ஒண்ணு விடாம எல்லாத்தையும் கூட்டறது."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாளையும் சேத்து அவரும் கூட்டிப் பாத்திருக்கலாம்" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. உட்கார்ந்துகொள்கிறேன்.