கல்லமேட்டில் கரைந்த எலும்பு

(சேலத்தில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தம்பி இந்தக் கல்லை என்னிடம் கொடுத்தான். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஓரத்தில் கிடந்ததாம். உரித்த தேங்காய் அளவு, நல்ல உருண்டை. "சார், இது டைனோசர் முட்டையா?" என்றான். மேடையில் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இல்லை தம்பி. வருத்தப்படாதே, இங்கே பார். மேலே பழுப்பாக ஒரு தோல். உடைந்த இடத்தில் நீலமும் சாம்பலும் கலந்த நிறம், எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கு. இதன் பெயர் சார்னோக்கைட். சேர்வராயன் மலை பெரும்பாலும் இந்தக் கல்தான். வெயிலிலும் மழையிலும் முதலில் மூலைகள் உதிரும். பிறகு வெங்காயம் உரிவதுபோல உரிந்து உரிந்து உருண்டையாகிவிடும். இதே வகைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போய் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் கிடந்தது. 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தப் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்.

இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. டைனோசர்கள் பூமிக்கு வந்ததோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் பேரனைத் தேட முடியுமா? போதாததற்கு இது பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து எழுந்த கல். இந்த ஊர் வெள்ளைக்கல் சுரங்கத்திலேயே என் உத்தியோக காலம் போனது. ஒரு நத்தை ஓட்டைக்கூட அங்கே பார்த்ததில்லை.

எலும்பு கிடைக்க வேண்டுமானால் பாறை அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும். நம்மூர் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு தட்டை, நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும், மேலே ஒரு தட்டை. நடுவில் வைத்தது நடுவிலேயே இருக்கும். அதை அப்படியே எண்ணெய்ச் சட்டியில் போட்டுக் கருக்கினால் எது பீட்ரூட் என்று யார் சொல்ல முடியும்? சேலம் கருகிய செட். கருகாத செட் வேண்டுமென்றால் ஆத்தூர், பெரம்பலூர் வழியாக அரியலூருக்குப் பஸ் ஏற வேண்டும்.

டைனோசர் காலத்தின் பிற்பகுதியில் அங்கே கடல் வந்து போயிருக்கிறது. சிமெண்ட் ஆலைகள் வெட்டுகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போன சொத்து. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. கல்லங்குறிச்சிக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

சரி, நான் சொல்ல வந்தது கல்லமேடு. அரியலூர்ப் பகுதியில் ஒரு கிராமம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த எலும்புகளை 1980களின் கடைசியில் உலகுக்கு அறிவித்தார்கள். வைத்த பெயர் புருகத்காயோசாரஸ். பிருகத் என்றால் மிகப் பெரிய, காயம் என்றால் உடம்பு. நம் பிள்ளைகள் டைரனோசாரஸ் என்று நாக்கு பிறழாமல் சொல்வார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பிறந்த இந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் முழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

கிடைத்ததில் ஒன்று முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. நீளம் 2 மீட்டர். அந்த வாசல் கதவைத் திரும்பிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த உயரம். முழங்காலுக்குக் கீழே மட்டும் அவ்வளவு! முதலில் இதை மாமிசம் தின்கிற இனம் என்று எழுதினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள இலைதின்னி என்றார்கள். எலும்பே இல்லை, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு எடையை 110 முதல் 130 டன் வரை சொல்கிறது. அது உண்மையானால் தரையில் நடந்தவற்றிலேயே இதைவிடக் கனமானது இருந்திருக்குமா என்று கேட்க வேண்டியிருக்கும்.

போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்க முடியாது. அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை, ஈரம் பட்டுச் சிதைந்து போயின. மீதமிருப்பது கையால் வரைந்த சில படங்கள், அப்புறம் 2022இல் வெளியிடப்பட்ட சில பழைய போட்டோக்கள். ஏழு கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே வந்து நம் கையில் சில ஆண்டுகூடத் தாங்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொரு அரியலூர்ப் பெயர் திராவிடோசாரஸ். அதே இருவர் 1979இல் வைத்தது. முதுகில் தகடு வரிசை உள்ள ஸ்டெகோசார் இனம், அந்த இனத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்தது என்று சொன்னார்கள். 1990களில் சங்கர் சாட்டர்ஜி, இது டைனோசரே இல்லை, நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன என்றார். வழக்கு இன்னும் நடக்கிறது.

பெயர்களில் இப்படித் தகராறு சகஜம். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு சின்ன டைனோசருக்கு வாக்கேரியா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கடலில் வாழும் பாசி போன்ற ஒரு பிராணி முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. 1994இல் ஆல்வாக்கேரியா என்று மாற்றினார்கள். அதே பள்ளத்தாக்கின் பராபாசாரஸ் டாகோரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வங்காளத்தில் 'பரா பா' என்றால் பெரிய கால். தாகூர் நூற்றாண்டு சமயத்தில் தோண்டியதால் அவர் பெயரும் சேர்ந்தது. அதன் எலும்புக்கூடு கல்கத்தாவில் நிமிர்ந்து நிற்கிறது. அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

இனி முட்டைக்கு வருகிறேன். 2009இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைக் கூட்டங்களைக் கண்டதாக அறிவித்தவர்கள் நம் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல்காரர்கள். ஆகவே சேலத்துக்காரர்களுக்கும் டைனோசருக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே சமயம், 2020இல் குன்னத்தில் ஏரி மண் அள்ளும்போது உருண்டைகள் வந்து ஊரே முட்டை என்று திரண்டது. ஆய்ந்தவர்கள் முட்டை இல்லை என்றார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை ஆகாது. ஓடு வேண்டும், அந்த ஓட்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மூச்சுத் துளைகள் தெரிய வேண்டும்.

பிள்ளைகளே, அரியலூர்ப் பக்கம் போய் எதையாவது கண்டால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால் எலும்பு வெறும் கல்தான்.

தம்பி, வா, உன் கல்லை வாங்கிக்கொள். எந்தத் தோட்டத்தில் எடுத்தாய்? மறந்துவிட்டதாம்.