பகலில் கோர்ட், மாலையில் ஒத்திகை

நேயர்களுக்கு வணக்கம்.

பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அவர் 1873ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பிறந்தவர். 1964 செப்டம்பரில் மறைந்தார். 91 வயது வரை வாழ்ந்த மனிதர், 90க்கும் மேல் நாடகங்கள் எழுதியவர். ‘தமிழ் நாடகத் தந்தை’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடப் பாடத்தில் அந்தப் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

அந்தப் பட்டியலை நான் இன்றைக்குச் சொல்லப்போவதில்லை. அவர் ஒரு குடும்பஸ்தர். காலையில் எழுந்து வேலைக்குப் போனவர், சாயங்காலம் ஒத்திகைக்குப் போனவர், ராத்திரி வீட்டுக்குத் திரும்பி வந்தவர். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். பல வருஷமாக ஆபீஸ் போகிறவர்களையும் கடை வைத்திருக்கிறவர்களையும் சேர்த்து நாடகம் போடுகிறவள் நான். ‘இன்றைக்கு வீட்டில் விருந்தாளி, வர முடியாது’ என்று ஒருவர், ‘பிள்ளைக்கு ஜுரம்’ என்று இன்னொருவர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் எங்கள் ஒத்திகை நடக்கும். உங்கள் வீட்டிலும் பாட்டுக்கோ பஜனைக்கோ நாடகத்துக்கோ போகிறவர் ஒருவர் இருந்தால் நான் சொல்வது உடனே புரியும். அவர் கிளம்பும்போது வீடு என்ன சொல்கிறது, திரும்பி வரும்போது என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

1891க்குப் போவோம். சம்பந்தத்துக்கு அப்போது 18 வயது. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை. அன்றைக்குப் படித்த குடும்பங்களில் நாடகம் என்றாலே முகம் சுளிப்பார்கள். நடிக்கிறவனை ‘கூத்தாடி’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அவருக்கே தமிழ் நாடகங்கள் மேல் அப்போது மதிப்பு கிடையாது. பிறகு அதை அவரே எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வருகிறது. கிருஷ்ணமாச்சார்லு என்பவர் நடத்திய குழு. அவர் ஒரு வக்கீல். அவரோடு மேடையேறியவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். வக்கீலாக இருக்கிற ஒருவர் வேஷம் கட்டி மேடையில் நிற்கிறார், அதனால் அவருடைய மரியாதை எள்ளளவும் குறையவில்லை. இதைப் பார்த்த பிள்ளைக்கு மனசு மாறிவிட்டது.

அந்த வருஷமே ஜூலை 1ஆம் தேதி, நண்பர்கள் சில பேராகச் சேர்ந்து சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். சபாவின் முதல் நாடகம் ‘புஷ்பவல்லி’ 1893இல் மேடையேறியது. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் சிவப்பாக ஒரு பழைய கட்டடம் நிற்கிறதே, விக்டோரியா பப்ளிக் ஹால், பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், அங்கேதான்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 1891இல் தொடக்கம், முதல் நாடகம் 1893இல். நடுவில் என்ன செய்தார்கள்? ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் வந்தால் ஒருவர் வரமாட்டார். ஒருவருக்குப் பரீட்சை இருக்கும், ஒருவர் வீட்டில் அனுமதி கிடைத்திருக்காது. கூலி இல்லை, சம்பளம் இல்லை, கையிலிருந்துதான் செலவு. இன்றைக்கு என்னோடு இருக்கிற இளைஞர்கள் மூன்று மாதம் ஒத்திகை என்றால் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒத்திகை என்று வந்துவிட்டதால் இன்னும் ஒரு வார்த்தை. ஒத்திகைக்கு நேரத்துக்கு வருவதும் பாடம் ஏறாமல் மேடையேறாமல் இருப்பதும் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் சம்பந்த முதலியார் தமிழ் நாடகத்துக்குச் செய்த பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று. விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தை அவர் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். பாட்டுக்கு நடுவே பேச்சு என்று இருந்ததை மாற்றி, பேச்சுக்கு நடுவே வேண்டிய இடத்தில் மட்டும் பாட்டு என்று வைத்தார். இதைக் கலை மாற்றம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டிய மனிதன் எழுதிய நாடகம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடிக்கிறவனும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், பார்க்கிறவனும் போக வேண்டும். குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க நேரம் வேண்டும். அந்தக் கவலை உள்ளவருக்குத்தான் அந்த மாற்றம் தோன்றும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில்தான் சங்கரதாஸ் சுவாமிகள் இருந்தார். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். நாடகத்தையே தொழிலாகக் கொண்டு, ஊர் ஊராகப் போய், சிறுவர்களே நடிக்கிற பாலர் கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சோறும் போட்டுப் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் போலத் தொழிலாக நடித்தவர்களுக்குச் சபா நடிகர்களுக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை. பட்டம் வாங்கியவர் நடித்தால் கலை, பிழைப்புக்கு நடித்தால் கூத்து என்று ஊர் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. சம்பந்த முதலியார் சம்பளம் வாங்காமல் நடித்தார் என்றால் அவருக்கு வக்கீல் தொழில் இருந்தது, பிறகு நீதிபதி வேலை இருந்தது. இதை மறந்துவிட்டு அவரை மட்டும் புகழக் கூடாது. ஆனால் அவர் எழுதிய நாடகங்களைத் தொழில்முறைக் கம்பெனிகளும் எடுத்து நடத்தின, அவற்றால் பிழைத்தன. அந்த வகையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அவர் நாடகங்கள் போய்வந்துகொண்டிருந்தன.

சரி, ‘மனோகரா’வுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. 1895இல் முதலில் மேடையேறிய நாடகம். மனோகரனாக நடித்தவர் சம்பந்தமே. பின்னால் 1954இல் சிவாஜி கணேசன் நடித்துக் கலைஞர் கருணாநிதி வசனத்தில் படமாக வந்தது, அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். சங்கிலிக் காட்சியைப் பார்க்காத தமிழர் வீடு உண்டா?

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். அரசன் புருஷோத்தமன், ஆசைநாயகி வசந்தசேனையின் மயக்கத்தில் கிடக்கிறான். பட்டத்து ராணி பத்மாவதி ஒதுக்கப்பட்டிருக்கிறாள். மகன் மனோகரனுக்கு ரத்தம் கொதிக்கிறது. அவன் கையில் பலம் இருக்கிறது, வாள் இருக்கிறது, நினைத்தால் ஒரு நொடியில் முடித்துவிடுவான். முடிக்கவில்லை. ஏன்? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அவள் பொறு என்கிறாள், அவன் பொறுக்கிறான். சங்கிலியில் கட்டி நிறுத்துகிறார்கள், அப்போதும் பொறுக்கிறான். அம்மா தன் வாயால் விடுவிக்கிற வரைக்கும் அந்த இரும்பு அவனைக் கட்டி வைக்கிறது. அவள் விடுவித்ததும் அதே இரும்பு அறுந்து விழுகிறது.

எத்தனையோ நடிகர்கள் சங்கிலியை அறுக்கிற இடத்தில்தான் தங்கள் பலத்தைக் காட்டுவார்கள். நான் நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதற்கு முந்தைய இடத்தில்தான் நேரம் செலவு செய்வேன். பலம் இருந்தும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறானே, அதுதான் கஷ்டமான நடிப்பு. எங்கள் குழுவில் ஒரு பையன், நல்ல தேகம், நல்ல குரல், அறுக்கிற இடத்தில் கொட்டகை அதிரும். நிற்கிற இடம் மட்டும் வரவே இல்லை. ஒரு நாள் ஒத்திகைக்குத் தன் அம்மாவை அழைத்துவந்து முன் வரிசையில் உட்கார வைத்தான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். அன்றைக்கு அந்தப் பார்வை வந்துவிட்டது. பத்மாவதியாக நடித்த பெண் அன்று வசனத்தை மறந்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுக்க வேண்டியவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த நாடகத்தை எழுதியவர் தன் புத்தகங்களை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? பழைய பதிப்புகளை எடுத்துப் பாருங்கள். அப்பா விஜயரங்க முதலியார், அம்மா மாணிக்கவேலு அம்மாள், இருவர் நினைவுக்கும் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கும். ஒரு புத்தகத்தில் இல்லை, புத்தகத்துக்குப் புத்தகம். பெரிய மனிதர்கள், பிரபுக்கள் பெயரைப் போட்டால் ஆதாயம் கிடைத்த காலம் அது. மனோகரன் சங்கிலியோடு ஏன் நிற்கிறான் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அவருடைய மேடைத் துணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் சபா மேடையில் ஏறாத காலம். ரங்கவடிவேலு என்ற நண்பர் அவருக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் கட்டினார். 1923இல் அவர் காலமாகும் வரை அந்த நட்பு நீடித்தது. 1930களில் ‘நாடக மேடை நினைவுகள்’ என்று ஆறு பாகமாகச் சம்பந்த முதலியார் எழுதினார். அதில் ரங்கவடிவேலு வரும் பக்கங்களைப் படித்தால் வீட்டில் ஒருவரை இழந்தவர் எழுதியது மாதிரிதான் இருக்கும்.

வீடு என்றதும் எனக்கு ஒரு கேள்வி எழும். சென்னை ஆச்சாரப்பன் வீதி வீட்டில் அவர் ஒத்திகை முடிந்து வரும்வரை விழித்திருந்தது யார்? சாப்பாட்டை மூடி வைத்தது யார்? சபா இலங்கைக்குக் கப்பலேறிப் போய் நாடகம் போட்டது. அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டார்கள்? நடித்தவர்களின் பெயர் சபாவின் வரலாற்றில் இருக்கிறது, இவர்கள் பெயர் இல்லை. குடும்பஸ்தர் ஒருவர் கலைஞராகவும் இருந்தார் என்று நாம் மெச்சினால், அதில் பாதி அவர்களுக்குப் போக வேண்டும். சபா நாடகம் போடுகிற நண்பர்களே, நீங்களும் கேட்டுக்கொண்டிருந்தால், இதை வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியரை அவர் தமிழுக்குக் கொண்டுவந்ததைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான், மாக்பெத் ‘மகபதி’ ஆனான். பெயரைக்கூட நம் காதுக்குப் பழக்கமாக்கிக் கொடுத்தார், அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். அவருடைய ‘சபாபதி’ 1941இல் படமாகி ஊரையே சிரிக்க வைத்ததையும் சொல்ல நேரமில்லை.

கடைசிக் காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்து 1928இல் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் 36 வருஷம் இருந்தார். ஓய்வுக்குப் பிறகுதான் நினைவுகளை எழுதினார், நடிப்புக் கலையைக் கற்பதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார், பேசும் படத்தைப் பற்றி எழுதினார். 1959இல் பத்மபூஷண் வந்தது. கண்பார்வை போன பிறகும் தான் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவரை எழுத வைத்தார். ‘நாடக மேடை நினைவுகள்’ நூலகங்களில் கிடைக்கும், இணையத்திலும் இருக்கிறது. ஆறு பாகமும் முடியாவிட்டால் முதல் பாகத்தை மட்டுமாவது எடுத்து, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள்.

நன்றி, வணக்கம்.